பேக்டரி பஸ்ஸில் கல்லூரி பார்க்கப் போனோம்

கல்லூரியைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் என் தம்பிதான் எனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தான். ஒரு கையால் தேய்த்தான். வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கையின் மிச்சத்தைச் சட்டையின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவான். இரண்டு கையும் இருக்கிற நான் தேய்த்தால் அப்படி மடிப்பு நிற்காது.

“நாளைக்கு உன்னப் பார்த்து, ஆபீஸ் பெரிய கிராணி வந்துட்டாருன்னு அங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்கப் போறாங்கண்ணே,” என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பல நாளாக என் மகளிடம் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அந்த வருஷம் மகள் உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, தேர்வில் நன்றாகவே தேறியிருந்தாள். ராவாங்கைத் தாண்டி ஒரு தொழில்நுட்பக் கல்லூரியை அப்போதுதான் திறந்திருந்தார்கள். பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் பட்டறை. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்காகவே திறந்தது என்று குவாலா சிலாங்கூரில் அவள் படித்த பள்ளியில் சொன்னார்களாம். சேர நினைக்கிறவர்கள் பெற்றோரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். கணக்கு எழுதும் படிப்பு, கட்டடம் கட்டும் படிப்பு, மின்சாரம், இயந்திரம் என்று அங்கே பிரிவுகள் இருந்தன. கணக்கு எழுதும் படிப்பு என்றால் நான் அன்றைக்கே தலையாட்டியிருப்பேன். அவளுக்கு இயந்திரம்தான் வேண்டும் என்றாள்.

நானும் தம்பியும் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்தோம். பால் உறைந்து கட்டியானதும் அதை இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குவது எங்கள் வேலை. ஒரு நாள் காலையில் மிஷின் நின்றிருந்த நேரத்தில், உருளைகளுக்கு நடுவில் ஒட்டியிருந்த ரப்பரைத் தம்பி கையால் பிய்த்துக்கொண்டிருந்தான். சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே நிற்கிறவனுக்கு இந்தப் பக்கம் தெரியாது. அவன் போட்டுவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் பக்கத்து மிஷினில் நின்றிருந்தேன். அப்போது கேட்ட சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஆபீஸிலிருந்து யாரும் சொல்லவில்லை. சுவிட்ச் போடுகிறவன் முதலில் “கை!” என்று கத்துவான். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். சாமான் தூக்கிக்கொண்டு போகிறவனும் கீழே வைத்துவிட்டுத் தூக்க வேண்டும். வாசலில் நிற்கிற ஒருவன் எல்லாக் கையையும் பார்த்துவிட்டு “போடு” என்பான். அதன் பிறகுதான் மிஷின் ஓடும். கை ஆறியதும் தம்பிக்குக் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அவனும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, இருக்கிற கையையும் இல்லாத கையையும் சேர்த்துத் தூக்குவான். “நான் பாதிச் சம்பளத்துக்குத்தான்டா தூக்கணும்,” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே ஆகிவிட்டது. பந்தை உதைப்பதற்கு முன்னால் ஒருவன் “கை!” என்று கத்த, திடலில் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்குப் போகும் முன் எனக்குக் கோப்பி கொண்டுவருவாள். ஆலை வாசலில் நிற்கும்போது சத்தம் கேட்டால், கோப்பிப் போத்தலோடு சேர்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

அப்படி வளர்ந்த பிள்ளைக்கு மிஷின்மேல் எப்படி ஆசை வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. பல நாள் வாதாடிக் கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

“நீங்க வந்து பாருங்கப்பா. அந்தப் பட்டறைய உங்க கண்ணால பாருங்க. பார்த்துட்டு அப்பவும் வேணாம்னா, திங்கக்கிழம நான் பேக்டரி பஸ்ஸுல ஏறிக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

பேக்டரி பஸ் என்பது ஷா ஆலாம் பக்கத்து மின்னியல் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்துப் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் பஸ். அங்கே அவர்கள் உட்கார்ந்தபடி உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளைப் பார்ப்பார்களாம். உருளை கிடையாது. கை பத்திரமாக இருக்கும். டிரைவர் அவளுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸைத்தான் கோயில் கமிட்டி பேசி எடுத்திருந்தது. ஆலையில் என்னோடு வேலை செய்தவர்கள் சிலர் பிள்ளைகளோடு ஏறினார்கள். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லாததால் தம்பியையும் அழைத்துக்கொண்டேன். என் மனைவி வாசலில் நின்று, “யாராவது எதாவது கேட்டா வாயத் தொறந்து பதில் சொல்லுங்க. பேயறைஞ்ச மாதிரி நிக்காதீங்க,” என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

டிரைவர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். “என்னா அண்ணே, இன்னிக்கு நீங்க ஏறுறீங்க, நாளைக்குப் பாப்பா ஏறும், அப்படித்தானே? ஜன்னல் சீட்டு வச்சிருக்கேன் லா.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் காது கேட்காதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டும்வரை வெளியே பனிமூட்டமாக இருந்தது. செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஈயம் தோண்டி விட்டுப்போன ஈயக்குட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. பின் சீட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். மலாயில் கேட்பார்களா, இங்கிலீஷில் கேட்பார்களா, நான் ஏதாவது உளறிவைத்து அவர்கள் பிள்ளையையே வேண்டாம் என்றுவிடுவார்களா என்று யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன், பிறகு இதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்றும் நினைத்தேன். அவளை வேண்டாம் என்பார்களோ என்ற பயமும், சேர்த்துக்கொள்வார்களோ என்ற பயமும் ஒன்றாகத்தான் இருந்தன.

கல்லூரியில் புதுச் சுவர்ச் சாயத்தின் வாசனை அடித்தது. மரங்கள் இன்னும் குச்சியாக இருந்தன. பெரிய மண்டபத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். முதல்வர் மலாயில் பேசினார். பாதி எனக்குப் புரிந்தது, மீதியைத் தம்பி காதில் சொன்னான். முதல் வருஷம் எல்லாருக்கும் கணக்கும் படம் வரைவதும் பொதுவாம். இரண்டாம் வருஷத்திலிருந்து பட்டறை நேரம் கூடும். கடைசி வருஷத்தில் வெளியே ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பி வேலை பழக்குவார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, காவல்காரர், சாயங்காலம் கேட்டை மூடிவிடுவார்கள். புத்தகத்தை மட்டும் படித்து வெளியே வருகிறவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள், கையால் செய்யத் தெரிந்தவர்களாகத்தான் வெளியே போவார்கள் என்றார். கை என்றதும் நான் நிமிர்ந்தேன். அவர் வேறு எதற்கோ போய்விட்டார்.

பிறகு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று மைக்கை வரிசையாக அனுப்பினார்கள். சுங்கை சோ பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா, திருவிழாவுக்குப் பிள்ளையை வீட்டுக்கு விடுவீர்களா என்று கேட்டார். ஓர் அம்மா விடுதியில் தோசை கிடைக்குமா என்று கேட்டதற்கு மண்டபமே சிரித்தது. மைக் என் வரிசைக்கு வந்தது. எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இங்கே யாருக்காவது கை போயிருக்கிறதா? மைக் என் மடிக்கு வந்ததும், சூடான பாத்திரத்தைப் பிடித்தவன் மாதிரி அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன்.

மகள் அதைப் பார்த்தாள். “கேட்டிருக்கலாம்லப்பா?” என்றாள்.

“ஒண்ணும் இல்லம்மா.”

பட்டறைக்கு எங்களை அழைத்துப்போனவர் ஒரு சீன வாத்தியார். சின்ன வயசுதான். மலாயில் நிதானமாகப் பேசினார். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், அதைத் தாண்டக் கூடாது என்றார். எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை எங்கள் ஆலையின் வாசனை இல்லை. ஆனாலும் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக லேத் மிஷின்கள் நின்றன. பச்சை வண்ணம் பூசி, துடைத்து வைத்திருந்தார்கள். இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் தாடை ஒவ்வொன்றிலும் இருந்தது. அந்தத் தாடை சுழலும், கூரான உளி பக்கத்தில் வந்து இரும்பைச் சீவும். வாத்தியார் ஒன்றை ஓட்டிக் காட்டினார். இரும்பு சுருள் சுருளாக விழுந்தது. பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள். நான் அவர் விரல்களை மட்டும் பார்த்தேன்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டு, யார் செய்து பார்க்கிறீர்கள் என்றார். பையன்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். என் மகள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தம்பி என் முழங்கையைப் பிடித்தான். “விடுண்ணே. பார்ப்போம்.”

வாத்தியார் அவளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார். பின்னலைச் சட்டைக்குள் விடச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவர் இரண்டடி தள்ளிப் போய்ச் சுவர்ப் பக்கம் நின்று, பச்சைப் பொத்தானில் விரலை வை என்றார். அவள் வலது கை விரலை வைத்தாள். அவளுடைய இடது கை, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், அந்தத் தாடையின் மேல் கிடந்தது.

“கை!”

யாரோ கத்தினார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பட்டறையின் தகரக் கூரை வரைக்கும் போய்த் திரும்பிவந்தது அந்தச் சத்தம். அது என்னுடையது.

எங்கள் ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். யோசித்துத் தூக்கவில்லை, தூக்கிவிட்டார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல சட்டை போட்ட அப்பாக்கள், போலீஸைப் பார்த்த திருடர்கள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் “ஐயோ, சுட்டுடாதீங்க!” என்றான். அதற்கு இன்னும் சிரிப்பு. பிறகு அவர்கள் என் தம்பியைப் பார்த்தார்கள். அவனும் இரண்டையும் தூக்கியிருந்தான். தேய்த்த சட்டையின் கை கீழே சரிந்து, ஒன்றுமில்லாத அந்த இடம் எல்லாருக்கும் தெரிந்தது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது.

என் மகளும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றாள். கண்ணாடியோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையும் நேராக மேலே. நான் கத்தி முடிப்பதற்குள் அவை மேலே போயிருந்தன.

வாத்தியார் அங்கேயே நின்று என்ன இது என்று கேட்டார். அவள் கையை இறக்கி மலாயில் சொன்னாள். தோட்டத்து ஆலையில் இப்படி ஒரு வழக்கம், மிஷினைப் போடுவதற்கு முன்னால் இப்படிக் கத்துவோம். “கத்துனது எங்க அப்பா,” என்றாள். அவள் முகம் கறுத்துவிட்டது. முடிந்தது, இந்தத் தோட்டத்து ஆட்கள் வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வந்த எனக்கு அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாத்தியார் என்னிடம் வந்தார். “அங்கிள், பெரிய சுவிட்சை நான் இன்னும் போடவே இல்லை. அது இந்தச் சுவரில் இருக்கிறது, பாருங்கள். பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் போடுவேன். நான் போடாமல் அந்தப் பச்சைப் பொத்தான் வேலை செய்யாது.”

அவர் சொன்னது புரிந்தது. நான் கத்தியதற்குத் தேவையே இருக்கவில்லை. ஆனால் மண்டபத்தில் கேட்க முடியாமல் போன கேள்வி இப்போது கிடந்து தவித்தது. மலாய் வார்த்தை வரவில்லை. தம்பியின் கையைக் காட்டினேன். பிறகு தரையைக் காட்டி, “இங்கே?” என்றேன்.

அவர் தம்பியின் கையைப் பார்த்தார். அவசரப்படாமல்தான் பதில் சொன்னார். “கல்லூரி திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரைக்கும் இல்லை. இனிமேல் வரவே வராது என்று நான் சொன்னால் பொய், அங்கிள். எனக்கும் தினமும் பயம் இருக்கிறது. அதனால்தான் சுவிட்சைப் பிள்ளைகளிடம் விடுவதில்லை.”

வராது என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். எங்கள் ஆலையிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“முடிச்சிட்டு வரட்டும்,” என்றான் தம்பி, எனக்காகவும் சேர்த்து.

அவள் திரும்பவும் மிஷினிடம் போனாள். வாத்தியார் சுவர்ப் பக்கம் போய் அவளைப் பார்த்தார். அவளாகவே இடது கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். மிஷின் ஓடியது. அவர் பக்கத்தில் வந்து நின்று சொல்லச் சொல்ல அவள் சக்கரத்தைத் திருப்பினாள். இரும்பு சீவிக்கொண்டு வந்தது. மிஷின் நின்ற பிறகுதான் என் இரண்டு கையும் இன்னும் தோள் உயரத்தில் இருப்பதைக் கவனித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பின் சீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். டிரைவர் எஞ்சினை முடுக்கியதும் ஒருவன் “கை!” என்று கத்தினான். பஸ் முழுக்கக் கை தூக்கிச் சிரித்தது. வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கூத்து. மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

“கோவமாம்மா?”

“எல்லாரும் சிரிச்சாங்கப்பா. நாளைக்கு நான் அங்க சேர்ந்தா, பேரே அதுதான் வைப்பானுங்க.” பிறகு என்ன நினைத்தாளோ, குரலை இறக்கினாள். “சேர்ந்தாத்தானே.”

முன் சீட்டிலிருந்து தம்பி திரும்பினான். “எனக்கு வச்ச பேரெல்லாம் உனக்குத் தெரியுமா, பாப்பா? சொன்னா பஸ்ஸ விட்டு எறங்கி ஓடிருவ.”

“சித்தப்பா, சும்மா இருங்க.” ஆனால் அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

நான் அவள் மடியைப் பார்த்தேன். வலது கையை மூடி வைத்திருந்தாள். என்ன அது என்றேன். திறந்து காட்டினாள். அவள் சீவிய இரும்புச் சுருள். நீலமும் வெள்ளையுமாக, ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தது. ஓரம் பிளேடு மாதிரி இருந்தது.

“குடு இங்க. கையக் கிழிச்சிக்கப் போற.”

“அப்பா!”

“குடும்மா.”

அவள் கொடுத்தாள். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் ஈயக்குட்டைகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. இனிமேல் தோட்டத்து முச்சந்திதான். அங்கே இறங்கும்போது டிரைவர் கேட்பார், நாளைக்குப் பாப்பா வருமா என்று. அவர் கேட்ட பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் வாயில் எது வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. வாத்தியார் சொன்னது மனதில் ஓடியது. அதைவிட, கத்தி முடிப்பதற்குள் மேலே போன அந்த இரண்டு கையும் கண்ணுக்குள் நின்றன. அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்காமலே அது அவள் உடம்பில் இருந்தது. அது போதுமா என்றால், எனக்குத் தெரியாது. என் தம்பி உடம்பிலும் இப்படி எவ்வளவோ கவனம் இருந்தது.

எழுந்து, சீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“என்னா அண்ணே, வாந்தி வருதா? நிறுத்தவா?”

“இல்ல. நாளைக்கு…” நாக்கு ஒட்டிக்கொண்டது. “நாளைக்குப் பாப்பா வராது.”

“ஏன், உடம்பு சரியில்லியா? செவ்வாக்கிழம வருமா?”

“வராது. அது காலேஜுக்குப் போவுது.”

அவர் கியரை மாற்றினார். “நல்லா யோசிச்சுக்குங்க, அண்ணே. அந்தச் சீட்டைக் கேட்டு நாலு பேர் நிக்கிறாங்க. குடுத்துட்டேன்னா அப்புறம் இல்ல லா.”

“குடுத்துடுங்க,” என்றேன்.

திரும்பும்போது பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. விழாமல் இருக்க இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சட்டைப் பைக்குள் கைக்குட்டையைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்பு என் மார்பில் குத்தியது. அங்கிருந்து பார்த்தேன். மகள் ஜன்னலை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. அவளும் பயந்துபோயிருந்தாள்.